விலாக்கூட்டை விரிக்கும் அறுவை மருத்துவம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விலா எலும்புகள் குறைந்தோ ஒன்றோடொன்று ஒட்டியோ பிறக்கும் குழந்தைகளின் வளைந்த முதுகெலும்பை இளவயதிலேயே இணைத்து இறுக்குவது முன்னர் ஏற்கப்பட்ட முறையாக இருந்தது. வளைவு கட்டுப்பட்டது, மார்பின் வளர்ச்சியும் உடன் குன்றியது.

1987இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில், விலா எலும்புகள் பல இல்லாமல் செயற்கைச் சுவாசக் கருவியைச் சார்ந்திருந்த குழந்தை ஒன்றிற்கு, மருத்துவர்கள் இராபர்ட் காம்ப்பெல்லும் மெல்வின் சுமித்தும் உலோகக் கம்பிகளால் மார்புச்சுவர் அமைத்தனர். குழந்தை வளரும், கம்பி வளராது என்பதே அடுத்த சிக்கல். ஆகவே நீட்டத்தக்க டைட்டானிய விலா உருவாக்கப்பெற்று, 1989இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒருமுறை சிற்றறுவை செய்து அதனை நீட்டினர்.

இயல்பான சுவாசத்தையோ நுரையீரல் வளர்ச்சியையோ தாங்கவியலாத மார்புக்கூட்டின் நிலையை, 'மார்புக்கூட்டுப் போதாமை நோய்த்தொகுதி' எனக் காம்ப்பெல் குழுவினர் 2003இல் விரித்துரைத்தனர். கருவியினும் இக்கருத்தாக்கமே பெரிது எனலாம். வளைவின் கோணத்தை மட்டும் அளந்த கண், மூச்சுக்குரிய கொள்ளளவையும் அளக்கத் தொடங்கியது.

2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவிக்கு ஒப்புதல் அளித்தது. அது முழுமையான ஒப்புதலன்று. ஆண்டுக்கு 4,000 பேருக்கும் குறைவானோரைப் பாதிக்கும் நோய்களுக்கென அந்நாளில் வகுக்கப்பட்டிருந்த மனிதநேய விலக்கின்கீழ் வழங்கப்பட்டது. இத்தகைய அரிய நோய்களில் பெருந்திரள் ஆய்வு எளிதன்று. தொற்று, கருவி இடம்பெயர்தல், திரும்பத் திரும்ப மயக்கமருந்து ஆகியவற்றைக் குழந்தைகள் தாங்க நேர்ந்தது.