கரப்பந்தாட்டக் களத்தில் நாடுகள்



மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டைப் பக்கமாகவோ, உக்குவளை வழியே மேலேறும் தோட்டப் பாதைகளிலோ மாலை வேளையில் செல்வோர் கண்ணுக்கு இனிய காட்சி ஒன்று தென்படுவதுண்டு. பிரட்டுக்களத்தை அடுத்தோ, லயங்களுக்குப் பின்னாலோ கிடைத்த சிறு சமதரையில் இரண்டு கமுக மரங்களை நட்டு, நடுவே வலையொன்றைக் கட்டியிருப்பார்கள். நாள் வேலை முடித்த இளைஞர்கள் இருபுறமும் நிற்பார்கள். பந்து சரிவில் உருண்டு செடிகளுக்குள் மறைந்துவிட்டால், அதைத் தேடி எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். வாதம் மட்டும் நிற்பதில்லை. மாவட்டத்தின் வடபால் தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளுக்குச் சென்றால் நிலம் பரந்து விரிகிறது. மண்ணும் இறுகிக் கிடக்கிறது. அங்கே சித்திரைப் புத்தாண்டு நாள்களில் கிராமத்துக்குக் கிராமம் நடைபெறும் பந்தயங்களிலும் இந்த ஆட்டத்துக்குத் தனியிடம் உண்டு.

கிரிக்கெட்டுக்குப் பெரிய மைதானம் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கும் அவ்வாறே. கரப்பந்தாட்டத்துக்கோ பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமுங்கொண்ட தரை போதும். மலைச்சரிவில் வாழ்வோருக்கு இதன் அருமை எடுத்துச் சொல்லாமலே விளங்கும். இலங்கை அரசு 1991இல் கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்தது. ஆயினும் அந்தப் பிரகடனத்துக்கு நெடுங்காலம் முன்னரே நாட்டுப்புற மக்கள் அதைத் தமதாக்கிக் கொண்டிருந்தனர் என்பதே என் கருத்து.

இத்துணை எளிய ஆட்டத்தில் உலக நாடுகள் ஒன்றோடொன்று மோதிய வரலாறு எத்தகையது? அந்த வரலாற்றில் நம்மைப் போன்ற சிறு நாட்டின் இடம் எது? இவற்றையே இன்று சிந்திக்க எண்ணுகிறேன்.

1895இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹோலியோக் என்னும் ஊரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கமாகிய வை.எம்.சி.ஏ.யில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மோர்கன் என்பவர் இதனை வகுத்தார். கூடைப்பந்தாட்டத்தின் ஓட்டமும் மோதலும் தாங்காத நடுத்தர வயதினருக்கு இலேசான பொழுதுபோக்கு ஒன்று வேண்டும் என்பதே அவர் நோக்கம். பெரியவர்களின் மூட்டு நோகாமல் இருக்கப் பிறந்த ஆட்டம், பின்னர் இளைஞர்களை ஆளுயரம் எழும்பிக் குதிக்க வைத்தது ஒரு வேடிக்கைதான்.

அந்தச் சங்கத்தின் தொண்டர்கள் சென்ற இடமெல்லாம் பந்தும் வலையும் உடன் சென்றன. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சிப் பணிப்பாளராக இருந்த ரொபர்ட் கெமக் இலங்கையில் இந்த ஆட்டத்தை அறிமுகம் செய்தார். அதே 1916ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் நினைக்கத்தக்கது. ஒருவர் பந்தை வலையருகே உயர்த்திக் கொடுக்க, மற்றொருவர் எழும்பி அதை எதிர்ப்புறத் தரையில் ஓங்கி அறையும் முறை அக்காலத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் உருவாயிற்று. அந்த அறைதலை அவர்கள் ‘பொம்பா’ என்றழைத்தனர். இன்று உலகெங்கும் இந்த ஆட்டத்தின் உயிராக விளங்குவது அதுவே. தோற்றுவித்தவர் அமெரிக்கர், அதற்கு வீரம் ஊட்டியவர் ஆசியத் தீவினர்.

நாடுகளுக்கிடையிலான கரப்பந்தாட்டம் தொடங்கியதும் ஆசியாவிலேதான். 1913இல் மணிலாவில் நடைபெற்ற தூரகிழக்கு நாடுகளின் விளையாட்டு விழாவில் பிலிப்பைன்ஸ் அணி சீன அணியை வென்றது. அப்பொழுது ஒரு பக்கத்துக்குப் பதினாறு பேர்! பின்னர் அத்தொகை படிப்படியாகக் குறைந்து ஒன்பதின்மர் ஆயிற்று. மேல்நாடுகளில் அறுவர் ஆடிய காலத்தில் ஆசிய நாடுகள் பல நெடுங்காலம் ஒன்பதின்மர் முறையையே போற்றின. 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் அறுவர் ஆட்டம், ஒன்பதின்மர் ஆட்டம் என இரண்டுக்கும் தனித்தனிப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. நம் நாட்டின் வடபகுதியில் ‘ஓவர் கேம்’ என்று வழங்கும் முறைக்குச் சர்வதேச முறைக்குப் புறம்பாக இன்றும் தனிப் போட்டிகள் நடைபெறுவதை அறிந்த நேயர்களுக்கு, இத்தகைய இரட்டை வழக்கு வியப்பளிக்காது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின், 1947 ஏப்ரலில் பதினான்கு நாடுகளின் பிரதிநிதிகள் பாரிஸ் நகரிற் கூடிச் சர்வதேசக் கரப்பந்தாட்டச் சம்மேளனத்தை நிறுவினர். பிரான்ஸ் நாட்டுப் போல் லிபோ அதன் முதல் தலைவரானார். ஆடவர்க்கான முதலாவது உலகப் போட்டி 1949இல் பிராக் நகரில் நடைபெற்றது. வென்றது சோவியத் யூனியன்; இரண்டாமிடம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு, மூன்றாமிடம் பல்கேரியாவுக்கு. 1952இல் மொஸ்கோவிலும் இதே மூன்று நாடுகள், இதே வரிசை. மொஸ்கோவில் டைனமோ மைதானத்தில், திறந்த வானத்தின் கீழ், பெருந்திரளான மக்கள் முன்னிலையில் ஆட்டங்கள் நடந்தன. இந்தியாவும் அங்கே பங்குபற்றியது. திறந்தவெளியில் ஆடினார்கள் என்ற செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

1964இல் தோக்கியோவில் கரப்பந்தாட்டம் முதன்முறையாக ஒலிம்பிக் அரங்கேறியது. சோவியத் அணியும் செக்கோஸ்லோவாக்கிய அணியும் ஒன்பது ஆட்டங்களில் எட்டெட்டு வென்று சமநிலையில் நின்றன. வென்ற செட்டுகளையும் தோற்ற செட்டுகளையும் கணக்கிட்டுப் பார்த்தே தங்கப் பதக்கம் சோவியத் அணிக்குரியது என்று தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சோவியத் அணி ஒரேயோர் ஆட்டத்தில்தான் தோற்றது, தோற்கடித்தது ஜப்பான். ஜப்பானிய ஆடவருக்குக் கிடைத்தது வெண்கலம்.

இவ்விடத்தில் சற்று நின்று செல்வது தகும். உயரத்திலும் உடல் வலிமையிலும் ஐரோப்பியரை எட்ட முடியாத ஜப்பானியர், எதைக் கொண்டு அவர்களை வெல்வது என்று ஆராய்ந்தனர். தோக்கியோவுக்குப் பின் அணியின் பொறுப்பை ஏற்ற மற்சுதைரா யசுத்தாக்கா என்ற பயிற்சியாளர் எட்டாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தார். வீரர்களுக்குக் கழைக்கூத்தாடிகளுக்குரிய பயிற்சிகளைக் கொடுத்தார். கைகளை ஊன்றி நடக்கவும், பாய்ந்து விழுந்து பந்தை எடுத்து உடனே எழவும் பழக்கினார். அதைவிடப் பெரிய மாற்றம் அறைதலில் உண்டாயிற்று. உயரப் போன பந்து இறங்கி வரும்வரை காத்திருந்து அடித்தால், எதிரணியின் நெடிய வீரர் இருவர் வந்து கைகளால் மதில் எழுப்பிவிடுவர். ஆகவே பந்து வலைக்கு மேல் எழும்பிய கணத்திலேயே அடிப்பது. ஒருவர் அடிப்பவர்போல் எழும்ப, எதிரி ஏமாந்து தானும் எழும்பி இறங்கும் நேரத்தில் மற்றொருவர் வந்து அடிப்பது. உயரத்தைக் காலத்தால் வென்ற உபாயம் இது. 1968இல் வெள்ளி, 1972இல் மியூனிக் நகரில் தங்கம். அங்கே அரையிறுதியில் பல்கேரியா முதலிரண்டு செட்டுகளையும் வென்றுவிட்டது. அடுத்த மூன்றையும் ஜப்பான் எடுத்தது. இறுதியாட்டத்தில் கிழக்கு ஜெர்மனி வீழ்ந்தது.

நாடுகளின் கரப்பந்தாட்ட வரலாறு பதக்கப் பட்டியல் மட்டும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒரு நாடு புதியதொன்றைக் கண்டுபிடிக்கும். சில ஆண்டுகள் முன்னணியில் நிற்கும். பிறர் அதைக் கற்றதும் அரியணை கைமாறும். ஜப்பானியரின் விரைவைக் கற்ற போலந்து நாட்டினர், பின்வரிசையில் நிற்பவரும் ஓடிவந்து எழும்பி அடிக்கும் முறையை அதனோடு சேர்த்தனர். 1976இல் மொன்ட்ரியலில் சோவியத் அணிக்கெதிரான இறுதியாட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கிய அவர்கள், நான்காம் செட்டை 19-17 என்றும் ஐந்தாவதை 15-7 என்றும் வென்று தங்கம் பெற்றனர். 1984இல் அமெரிக்கர் வந்தனர். எதிரணி பணிக்கும் பந்தை எல்லாரும் ஏற்கத் தேவையில்லை, அதில் தேர்ந்த இருவர் ஏற்றால் போதும் என்று பணியைப் பங்கிட்டு 1984, 1988 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் வென்றனர். தாம் பெற்ற பிள்ளையைத் தாமே மீட்டுக்கொள்ள அவர்களுக்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின!

இத்தாலி 1990, 1994, 1998 என மூன்று முறை தொடர்ந்து உலக வீரராயிற்று. 2022இலும் 2025இலும் மீண்டும் வென்றது. ஆயினும் 2024 வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் அந்நாட்டு ஆடவர் தங்கம் தொடவில்லை. விளையாட்டின் விசித்திரங்களுள் இதுவும் ஒன்று. பிரேசில் 2002 முதல் 2010 வரை மூன்று உலகப் போட்டிகளை அடுத்தடுத்து வென்றது. இடையே, 1998இல், எண்ணும் முறையே மாற்றப்பட்டது. முன்னர் பணித்த அணிக்கு மட்டுமே புள்ளி உண்டு. பின்னர் எவர் பணித்தாலும் வென்றவருக்குப் புள்ளி என்றாயிற்று. முடிவின்றி நீண்ட ஆட்டங்கள் தொலைக்காட்சிக்கு ஒவ்வாதவை ஆனமையே இதற்கு முக்கிய காரணம்.

நமது அயலுக்கு வருவோம். இந்தியா 1958இல் ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலமும், 1962இல் ஜக்கார்த்தாவில் வெள்ளியும் பெற்றது. இந்திய அரசு 1961இல் அர்ஜுனா விருதை ஏற்படுத்திய முதலாண்டிலேயே அதைப் பெற்ற கரப்பந்தாட்ட வீரர் ஏ. பழனிசாமி. சென்னையில் 1920இல் ஹரி பக் என்பவர் நிறுவிய வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, தென்னாட்டில் விளையாட்டாசிரியர் பரம்பரை ஒன்றையே உருவாக்கியது. கேரளத்து ஜிம்மி ஜோர்ஜ் இத்தாலியக் கழகங்களுக்கு ஆடச் சென்று பெரும் புகழ் பெற்றார். 1986இல் சியோலில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். அடுத்த ஆண்டே இத்தாலியில் மோட்டார் விபத்தொன்றில் உயிர் நீத்தார்.

இலங்கை அணியோ தென்னாசிய அரங்கில் மதிக்கப்படுவது. 2016இல் குவாஹாத்தியில் நடந்த தென்னாசிய விளையாட்டு விழாவில் இந்தியாவுக்கு அடுத்ததாக வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஜப்பானிலிருந்து தொண்டர்களாக வந்த பயிற்சியாளர்கள் பலர் இந்நாட்டில் இந்த ஆட்டத்தைக் கற்பித்துள்ளனர். படைகளின் அணிகளும் பல வீரர்களை வளர்த்துள்ளன. எனினும் தென்னாசியாவைக் கடந்து உலக அரங்கில் நம் ஆடவர் அணி கால் பதிக்கவில்லை. கிராமந்தோறும் வலை கட்டியிருக்கும் நாட்டுக்கு ஏன் இந்த நிலை?

உயரக் குறைவைக் காரணம் காட்டுவோர் உளர். ஜப்பானின் வரலாறு அதற்கு மறுமொழி சொல்லிவிட்டது. தரைதான் முக்கிய காரணம் என்று நான் எண்ணுகிறேன். 1952இல் மொஸ்கோவில் திறந்தவெளியில் ஆடப்பட்ட ஆட்டம், பின்னர் முற்றாக உள்ளரங்குக்குள் புகுந்துவிட்டது. வழுவழுப்பான தளத்தில் வீரன் அஞ்சாமல் நெஞ்சால் பாய்ந்து சறுக்கிப் பந்தை எடுக்கலாம். சரளை மண்ணில் அவ்வாறு பாய்ந்தால் தோல் உரியும்; ஆகவே நம் இளைஞர் பாயக் கற்பதில்லை. மலைக்காற்று பந்தை அலைக்கழிக்கும். ஆகவே நொடிப்பொழுதில் அடிக்கும் விரைவு முறை அங்கே கைகூடுவதில்லை. பந்தை வானளாவ உயர்த்தி, ஊரில் உயர்ந்தவன் ஒருவனிடம் ஒப்படைப்பதே வழக்கமாகிறது. மாத்தளைத் தோட்டத்து இளைஞன் ஒருவன் பிரதேச மட்டத்திலும் மாவட்ட மட்டத்திலும் வென்று, மத்திய மாகாண அணியிலும் இடம்பெற்றுத் தேசிய விளையாட்டு விழாவரை ஏறிச் செல்லலாம்; அதற்கான படிகள் உள்ளன. ஆனால் கொழும்புச் சுகததாச உள்ளரங்கு போன்ற ஒரு தளத்தில் முதன்முதலாகக் கால் வைக்கும்பொழுது அவனுக்கு இருபது வயது கடந்திருந்தால், உடம்பு கற்கும் பருவம் பெரும்பாலும் கழிந்திருக்கும். தேசிய விளையாட்டு என்ற பட்டத்தைவிட, மாவட்டத்துக்கு ஓர் உள்ளரங்கும், தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் வாரம் ஒருமுறையேனும் அங்கே சென்றுவர ஒரு பேருந்தும் அதிகம் பயன்தரும்.

‘பொம்பா’ பிறந்த பிலிப்பைன்ஸ் நாட்டின் கதையை இங்கே நினைக்கலாம். அங்கும் நம்மைப் போல ஊர்தோறும் ஆட்டம் உண்டு. சர்வதேச நிலையில் அந்நாடும் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. 2025 செப்டெம்பரில் முப்பத்திரண்டு நாடுகள் ஆடிய உலகப் போட்டியை மணிலா பெருநகர் நடத்தியது. இறுதியாட்டத்தில் பல்கேரியாவை வென்று இத்தாலி கிண்ணத்தை எடுத்துச் சென்றது. ஆயினும் அவ்வூரார் பேசிக்கொண்டது வேறு. அவர்களுடைய அணி எகிப்தை வென்றது. பின் ஆசியாவின் வலிய அணியாகிய ஈரானை ஐந்தாம் செட் வரை இழுத்துச் சென்று, அதிலும் இருபதைத் தாண்டியே விட்டுக்கொடுத்தது.