சாவின் வாயிலில் கண்ட கனவு

கி.மு. 399-ஆம் ஆண்டில், கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரச் சிறையில், மரணதண்டனை விதிக்கப்பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சாக்ரட்டீஸ். வயது ஏறத்தாழ 70. தீர்ப்புக் கூறிய உடனே தண்டனை நிறைவேறவில்லை. அப்பொல்லோ தெய்வத்திற்குரிய டீலோஸ் தீவுக்கு ஏதென்ஸ் மக்கள் ஆண்டுதோறும் ஒரு திருக்கப்பலை அனுப்பி வந்தனர். அது சென்று திரும்பும்வரை நகரில் எவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றலாகாது என்பது அவர்தம் நெறி. அதனால் சாவை எதிர்நோக்கிச் சில நாட்களைக் கழிக்கும் நிலை சாக்ரட்டீஸுக்கு வாய்த்தது. அந்நாட்களில் அவர் உரைத்த இரு கனவுகள், அவர் மாணவர் பிளேட்டோ எழுதிய இரு உரையாடல் நூல்களில் இடம்பெற்றுள்ளன. அவை கேட்டவாறே எழுதிய குறிப்புகள் அல்ல. சாக்ரட்டீஸ் உயிர்நீத்த நாளில் பிளேட்டோ நோயுற்றிருந்தார் என்ற செய்தி அந்நூலிலேயே வருகின்றது. ஆயினும், சாவை நெருங்கியவரின் கனவுக்கு அருகில் இருப்போர் எவ்வாறு செவிசாய்த்தனர் என்பதை அறிய அவை தக்க சான்றுகளாகும்.

முதற்கனவு, கிரீட்டோ என்னும் நண்பரிடம் கூறியது. விடியுமுன் சிறைக்கு வந்த கிரீட்டோ, சாக்ரட்டீஸ் அமைதியாக உறங்குவது கண்டு வியந்து, எழுப்ப மனமின்றி அருகில் அமர்ந்திருந்தார். விழித்தெழுந்த சாக்ரட்டீஸ் தாம் கண்ட கனவைச் சொன்னார். வெண்ணிற ஆடை உடுத்த அழகிய பெண் ஒருத்தி தோன்றி, மூன்றாம் நாள் அவர் பித்தியா என்னும் வளநாட்டை அடைவார் என்றாளாம். பித்தியா, ஓமரின் காப்பியத்தில் வரும் வீரன் அக்கிலீஸின் தாய்நாடு. போர்க்களத்தில் மனம் கசந்த அவ்வீரன் ஊர் திரும்ப எண்ணிப் பேசிய பேச்சையே கனவு சாக்ரட்டீஸுக்கு நினைவூட்டியது. அவருக்குச் சாவு வீடு திரும்பும் பயணமாகத் தோன்றிற்று என்பது இதனால் புலனாகும்.

கனவு விந்தையானது என்றார் கிரீட்டோ. தெளிவானது என்றார் சாக்ரட்டீஸ். அதற்குமேல் கிரீட்டோ அதனைத் தொடரவில்லை. தப்பியோடுவதற்குத் தாம் செய்திருந்த ஏற்பாட்டை எடுத்துரைக்கத் தொடங்கினார். அவர் அன்பில் குறையில்லை. ஆனால் பிரியப்போகிறவர் பயணத்தைப் பற்றிப் பேச, பிரிய மனமில்லாதவர் தடுக்கும் வழியைப் பற்றிப் பேசினார்.

இரண்டாம் கனவு இறுதி நாளில் வெளிப்பட்டது. என்றும் கவிதை பாடாத சாக்ரட்டீஸ் சிறையில் ஏன் பாடத் தொடங்கினார் என்று சீபிஸ் என்னும் நண்பர் வினவினார். இசைக்கலையைப் பயில்க என்று ஒரு கனவு தம் வாழ்நாளில் பலமுறை வந்ததாகவும், தத்துவமே தலைசிறந்த இசை என்று தாம் அதற்குப் பொருள் கொண்டிருந்ததாகவும் சாக்ரட்டீஸ் விடை கூறினார். கனவு சுட்டியது மெய்யாகவே பாட்டாக இருப்பின், அக்கடனைத் தீர்க்காமல் செல்வது நன்றன்று எனக் கருதி, அப்பொல்லோவைப் போற்றி ஒரு பாடல் இயற்றினார். பின்னர் ஈசாப்பின் கதைகளைச் செய்யுளாக்கினார். கேட்பதற்கு ஒருவர் இருந்தமையாலன்றோ இச்செய்தி வெளிவந்தது!

சாகின்றவர் அருகில் இருந்து துணைபுரிவது பிற்காலத்தில் ஒரு கலையாகவே போற்றப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிய பின்னர், 15-ஆம் நூற்றாண்டில் நற்சாவுக் கலையைக் கற்பிக்கும் நூல்கள் அங்குப் பரவின. படுக்கையைச் சுற்றிப் பேய்களும் தேவதூதர்களும் நிற்கும் படங்கள் அவற்றில் உண்டு. அருகிருப்போர் எதை வினவ வேண்டும், எந்த வேண்டுதலைச் சொல்ல வேண்டும் என்பதும் அவற்றில் கூறப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் பலருக்குச் சாவு வீட்டில் நிகழாமல் மருத்துவமனையில் நிகழலாயிற்று. நோய்க்கு மருந்து பெருகியது. அருகில் அமர்ந்து கேட்பதற்கு நேரம் சுருங்கியது.

இக்குறையை நீக்க முற்பட்டவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியாகப் பணியாற்றி, 1957-இல் மருத்துவரானவர் அவர். வலி மீளுமுன் குறித்த நேரத்தில் மருந்து தருவதே முறை என வற்புறுத்தினார். சாகின்றவர் துன்பம் உடலோடு நிற்பதில்லை. மனத்தையும் குடும்பத்தையும் ஆன்மாவையும் பற்றிய முழுவேதனை அது என்பது அவர் கொள்கை. 1967-இல் இலண்டனில் அவர் நிறுவிய அந்திமக்காலப் பராமரிப்பு இல்லத்திற்குப் பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டபரின் பெயர் இடப்பட்டது. ஹாஸ்பிஸ் என்னும் சொல்லும் பழங்காலத்தில் வழிப்போக்கர் தங்கும் இல்லத்தையே குறித்தது. அம்மையாரும் 2005-இல் அவ்வில்லத்திலேயே உயிர்நீத்தார்.

அத்தகைய இல்லங்களுள் ஒன்று அமெரிக்காவின் பஃபலோ நகரப் பகுதியில் உள்ளது. அங்கே மருத்துவர் கிறிஸ்டபர் கெர் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் நோயாளிகளின் கனவுகளை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டறிந்தனர். 2014-இல் வெளியான அவ்வாய்வில் இடம்பெற்ற 59 பேருள் 88 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் அத்தகைய கனவோ காட்சியோ கண்டதாகக் கூறினர். சாவு நெருங்க நெருங்க, இறந்துபோன உற்றார் கனவில் வருவது மிகுந்தது. அக்கனவுகளே பெரிதும் ஆறுதல் அளித்தன. பயணத்திற்கு ஆயத்தமாவதும் அடிக்கடி வந்த கனவுப்பொருளாகும். பித்தியாவுக்குச் செல்லும் கனவு சிறையிலிருந்த ஞானிக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

இவை யாவும் சன்னிப் பிதற்றல் என்று ஒதுக்குதல் பொருந்தாது. சன்னியில் மனம் கலங்கும். காலமும் இடமும் குழம்பும். இக்கனவுகளைக் கண்டவரோ பெரும்பாலும் தெளிவுடன் கோவையாக எடுத்துரைக்கின்றனர். சன்னிக்கு மருத்துவம் வேண்டும். கனவுக்குக் கேட்பவர் வேண்டும். எல்லாக் கனவும் இனியதும் அன்று. பழைய குற்றமும் தீராப் பகையும் அச்சமாக வந்து வருத்துவதுண்டு. அவ்வேளையில் மன்னிப்புக் கேட்க ஓர் உறவினரோ, மனம் திறந்து பேச ஒரு சமயப் பெரியவரோ தேவைப்படலாம். அத்தேவையை அறிவிப்பதும் அக்கனவே.

எனவே நற்சாவுக்குத் துணைநிற்போர் கனவுக்குப் பலன் கூற வேண்டியதில்லை; அது மெய்யா பொய்யா என்று வழக்காடவும் வேண்டியதில்லை. என்ன கண்டீர், யார் வந்தார், மனம் எப்படி இருந்தது என்று கேட்டால் போதும். தாம் ஆற்ற வேண்டிய கடன் ஏதும் எஞ்சியிருப்பின் அதனை அவரே சொல்வார். கிரீட்டோவுக்கு அன்பு இருந்தது. சீபிஸுக்கோ கேள்வி இருந்தது. சாகின்றவர் படுக்கையருகே இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.