சட்டாம்பிள்ளை அறிந்தது: எழும்பூர்ச் சோதனையும் முறைசார் கல்வியும்

அறிவு பெரியவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வருவது என்ற எண்ணத்தின் மீதுதான் நம் முறைசார் கல்வி நிற்கிறது. அதை அசைத்துப் பார்க்கும் சான்று சென்னையிலேயே உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரின் ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் நடந்த ஆதரவில்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அப்படியே கற்பிக்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். அதனால் பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். வகுப்பு நடந்தது.

1797இல் லண்டனில் வெளியான அவருடைய அறிக்கை, மேற்பார்வைக்கு ஒருவர் இருந்தால் பள்ளி தனக்குத் தானே கற்பித்துக்கொள்ளும் என்று தலைப்பிலேயே சொன்னது. இங்கிலாந்து அதில் சிக்கனத்தையே பெரிதாகக் கண்டது. பெல்லின் முறையும், அவரைப் போலவே மாணவரைக் கொண்டு கற்பித்த ஜோசப் லங்காஸ்டரின் முறையும் பரவிய பள்ளிகளில் ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் கட்டளையைக் கடத்தும் சட்டாம்பிள்ளைகள். அதற்காக, பெல் கண்டது போன்ற நம் திண்ணைப் பள்ளியையும் போற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; அங்கே பிரம்பு இருந்தது, சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

எட்டு வயது ஃப்ரிஸ்கனால் வகுப்பு நடத்த எப்படி முடிந்தது? சொன்னபடி செய்தான் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது போதவில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாது. இரண்டில் ஏழு போகாது. ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து 5, நான்கில் ஒன்றைக் கழித்து 3. ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்ற சொந்த விதியை அந்தப் பிள்ளை பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. ஆசிரியரின் சிவப்பு மை விடையை மட்டும் பார்க்கிறது. நேற்றுவரை அதே விதியில் நின்ற பக்கத்துப் பிள்ளையோ, “மேல இருக்கிறதுல இருந்துதான்டா கழிக்கணும், பத்து கடன் வாங்கு” என்று நேரே அந்த இடத்தில் விரலை வைக்கும். கடன் வாங்கிக் கழிப்பது ஆசிரியருக்குக் கைப்பழக்கமாகிப் பல ஆண்டுகளாயிற்று. அங்கே ஒரு தடை இருந்ததே அவருக்கு மறந்துவிட்டது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் கற்க வேண்டியது இந்த அறிவைத்தான்: ஒரு பொருள் புரியாமல் இருக்கும்போது எப்படித் தோன்றும் என்ற அறிவு.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பிப்பதைத் தமிழ்நாடு தொட்டுப் பார்த்திருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகளின் அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலமெங்கும் சென்றது. ஆசிரியர் பாயில் இறங்கி அமர்ந்தார். கற்றல் ஏணியில் பிள்ளை தன் வேகத்தில் ஏறியது. சக மாணவர் உதவியுடன் கற்பதற்கென்றே தனிக் குழுக்கள் இருந்தன. அந்த முறையின் உயிர் அங்கேதான் என்பேன். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலையால் பிரிக்கிறது. ஆனால் நிலையைக் கண்டறிவது மட்டும் போதாது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு விளக்கும்போது என்ன சொல்கிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது ஆசிரியரின் வேலையாக வேண்டும். தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் பாடம் நடத்திக் காட்டுவதற்கு உள்ள மதிப்பெண், தவறான விடைக்குப் பின்னால் இருக்கும் விதியைப் பிள்ளையின் வாயிலிருந்தே கேட்டு எழுதுவதற்கும் இருக்க வேண்டும்.