வின்னிபெக் தடுப்பூசி காத்திருந்த ஆண்டுகள்

மருந்துக்குக் காப்புரிமை எதற்கு என்று கேட்டால் வழக்கமாக ஒரே பதில்தான் வரும். இருபது ஆண்டுத் தனியுரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஒரு நிறுவனம் பணம் போடும், இல்லாவிட்டால் கண்டுபிடிப்பு ஆய்வகத்திலேயே கிடந்துவிடும் என்பார்கள். இந்த வாதத்தை உரசிப் பார்க்க எபோலா தடுப்பூசியின் வரலாறு போதும். அதற்குக் காப்புரிமை இருந்தது, உரிமம் வாங்கிய நிறுவனமும் இருந்தது. இருந்தும் அது உறைபெட்டியிலேயே கிடந்தது. அது மனிதர்களின் கையில் ஏறியது பொதுப் பணத்தாலும், ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு எழுந்த நெருக்கடியாலும்தான்.

ஒரு வைரஸைக் கொண்டே இன்னொரு வைரஸுக்கு எதிராக உடலைப் பழக்கும் தொழில்நுட்பம் 1982-இல் வேர்விட்டது. பெர்னார்ட் மாஸ், என்ஸோ பாவ்லெட்டி என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளின் குழுக்கள், பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வாக்ஸினியா வைரஸுக்குள் அன்னிய மரபணுவைப் புகுத்திக் காட்டின. சென்னை கிண்டியில் கிங் நிலையத்தார் கன்றுகளின் தோலில் வளர்த்து அம்மைப்பால் எடுத்த அதே வகை வைரஸ்தான் இது. பாவ்லெட்டி வேலை பார்த்தது நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில். அந்த வேலைக்கு 1986-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்தத் துறையின் தொடக்கக் காப்புரிமைகளில் ஒன்றே அரசு ஆய்வகத்தில் பிறந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எபோலாவிலும் அதுவேதான் நடந்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் வாயில் கொப்புளம் வரவைக்கும் விஎஸ்வி என்ற வைரஸை மரபணு அளவில் மாற்றியமைக்கும் வழியை 1990-களில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ரோஸ் உள்ளிட்டோர் கண்டுபிடித்தனர். கனடாவின் வின்னிபெக் நகரில் உள்ள தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஹெய்ன்ஸ் ஃபெல்ட்மன் குழுவினர் அந்த வைரஸின் மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவை நீக்கி, எபோலாவின் மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவை அங்கே வைத்தார்கள். எபோலாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட விஎஸ்வி அது. உடல் அந்தச் சட்டையை அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றலைத் திரட்டும். நோயை உண்டாக்கும் மற்ற எபோலா மரபணுக்கள் அதில் கிடையாது.

கனடா அரசு 2003-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 2005-இல் வெளியான ஆய்வில், ஒரே ஊசி போட்ட குரங்குகள் எபோலா செலுத்திய பிறகும் பிழைத்தன. இவ்வளவு தெளிவான முடிவு வந்தும் பெரிய நிறுவனம் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. எபோலா வந்தது ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. வாங்க ஆளில்லாத சரக்குக்குத் தனியுரிமை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? 2009-இல் ஹாம்பர்க்கில் ஓர் ஆய்வாளருக்கு எபோலா வைரஸ் இருந்த ஊசி தவறிக் குத்திவிட்டபோது, அவசரமாகத் தருவித்துப் போட்டது இந்தத் தடுப்பூசியைத்தான். 2010-இல் நியூலிங்க் ஜெனெடிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிளைக்குக் கனடா உரிமம் கொடுத்தது. ஒப்பந்தத் தொகை சுமார் 2 லட்சம் கனடிய டாலர். மனிதர்களுக்குப் போடத் தகுந்த முதல் குப்பிகள் கனடா அரசின் பணத்தில்தான் தயாராயின. 2014-இன் நடுப்பகுதிவரை மனிதர்களிடம் முறையான சோதனை எதுவும் தொடங்கவில்லை.

அதற்குள் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றையும் எபோலா பிடித்துவிட்டது. மொத்தம் 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2014 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. கனடா தன் கையிருப்பைக் கொடுப்பதாகச் சொன்னது. அக்டோபரில் குப்பிகள் ஜெனீவாவுக்குக் கிளம்பின. நவம்பரில் மெர்க் நிறுவனம் 3 கோடி டாலர் முன்பணம் கொடுத்து நியூலிங்கிடமிருந்து உரிமத்தை வாங்கியது. 2015-இல் கினியில் நடந்த சோதனையை விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவருக்கு எபோலா உறுதியானால் அவரோடு பழகியவர்களையும், பழகியவர்களோடு பழகியவர்களையும் பட்டியலிட்டு ஒரு வளையமாக எடுத்துக்கொண்டார்கள். நைஜீரியாவில் பெரியம்மையை அடக்க வில்லியம் ஃபேகி கையாண்ட பழைய முறைதான் அது. சில வளையங்களுக்கு உடனே ஊசி, சிலவற்றுக்கு மூன்று வாரம் கழித்து. ஊசி போட்டுக்கொண்ட 5,837 பேரில், பத்து நாள் கடந்த பிறகு ஒருவருக்கும் எபோலா வரவில்லை. இந்தச் சோதனையை நடத்தியதும் அதற்குப் பணம் கொடுத்ததும் உலக சுகாதார நிறுவனம், கினி அரசு, நார்வே, கனடா, வெல்கம் அறக்கட்டளை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஆகியவை.

மெர்க் வராமல் இருந்திருந்தால் 2019-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வகக் குப்பி வேறு, லட்சக்கணக்கில் தரம் மாறாமல் தயாரிப்பது வேறு. அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மெர்க்கின் உழைப்புக்கும் அமெரிக்க அரசு பணம் கொடுத்தது, கவி என்ற தடுப்பூசிக் கூட்டணி 50 லட்சம் டாலர் முன்பணம் கட்டியது. சந்தையின் இடத்தில் பொதுக் கருவூலம்தான் நின்றது. காப்புரிமை யாரையும் தடுக்கவில்லையே என்பது இன்னொரு வாதம். 2014-இல் கனடாவின் சட்ட அறிஞர்களே, அந்த உரிமம் தடுப்பூசிக்கு முட்டுக்கட்டையாக இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். முட்டுக்கட்டை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், கண்டுபிடிப்பை ஊசிவரை தள்ளிக்கொண்டு போகும் என்ற வாக்குறுதி பொய்த்தது பொய்த்ததுதான். அரசு காப்புரிமை எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்திருப்பார் என்ற மூன்றாவது வாதத்தை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். அரசு தன் பெயரில் எடுப்பதே நல்லது. எடுத்த பிறகு யாருக்கு, என்ன நிபந்தனையில் கொடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிம்பன்ஸி அடினோவைரஸைக் கொண்டு ஆக்ஸ்ஃபர்ட் உருவாக்கிய கோவிட் தடுப்பூசியை 2020-இல் ஆஸ்ட்ராஜெனெகாவுக்குக் கொடுத்தபோது, பெருந்தொற்றுக் காலத்தில் லாபமில்லாமல் விற்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். புனே சீரம் நிறுவனத்துக்கும் உரிமம் போனது. நம் ஊர் முகாம்களில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு அப்படி வந்ததுதான்.

2022-இல் உகாண்டாவில் எபோலாவின் இன்னொரு இனமான சூடான் வைரஸ் பரவியபோது அதற்கு ஒப்புதல் பெற்ற தடுப்பூசி இல்லை. சோதனைக்கான குப்பிகள் டிசம்பரில் போய்ச் சேர்ந்தபோது நோய் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. அதன்பின் ஐஏவிஐ என்ற லாபநோக்கற்ற அமைப்பு, அதே வின்னிபெக் முறையில் உருவாக்கிய சூடான் தடுப்பூசியை உகாண்டாவில் முன்கூட்டியே இருப்பு வைத்தது. சோதனைத் திட்டமும் எழுதித் தயாராக இருந்தது. 2025 ஜனவரி 30 அன்று மறுபடி நோய் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 3 அன்று கம்பாலாவில் முதல் வளையத்துக்கு ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள்.