வட பிரான்சின் செப்டம்பர் வார இறுதி விழாக்கள்

பிரான்சு நாட்டின் வடகோடியில், பெல்ஜியத்தை ஒட்டி அமைந்துள்ள வட்டாரம் ஓ-த-பிரான்ஸ் ஆகும். நோர்-பா-த-கலே, பிக்கார்டி ஆகிய இரண்டு வட்டாரங்கள் 2016ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டு இது உருவானது. இதன் தலைநகர் லீல். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் செப்டம்பர் மாதத்தில், இலையுதிர்காலத்தின் தொடக்கத்தில், இங்கு இரண்டு வார இறுதி நிகழ்வுகள் சிறப்பாக நடைபெறுகின்றன. முதல் வார இறுதியில் நடப்பது லீல் நகரின் 'பிராதரி' என்னும் பெருஞ்சந்தை. மூன்றாம் வார இறுதியில் வருவது நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்படும் பாரம்பரிய நாட்கள்.

ஒன்று பல நூற்றாண்டுகள் பழமையானது. மற்றொன்று 1984இல் அரசு தொடங்கியது. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. வழக்கமாகப் பொதுமக்களுக்கு இல்லாத ஓர் உரிமை, அந்த ஓரிரு நாட்களுக்கு மட்டும் அவர்களுக்குக் கிடைக்கிறது.

வரியில்லாச் சந்தை

லீல் நகரில் ஆண்டுச் சந்தை 12ஆம் நூற்றாண்டிலேயே கூடியது. அப்போது இந்நகரம் பிரான்சு மன்னரின் நேரடி ஆட்சியில் இல்லை. பிளாண்டர்ஸ் பிரபுக்களின் ஆளுகையில் இருந்தது. பின்னர் பர்கண்டி கோமகன்களிடமும், அதன்பின் ஸ்பெயின் அரசிடமும் சென்றது. 1667இல் பதினான்காம் லூயி மன்னர் முற்றுகையிட்டுக் கைப்பற்றிய பிறகே பிரெஞ்சு நகரமாயிற்று.

இடைக்காலத்தில் ஒரு நகருக்குள் யார் விற்கலாம், எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பவற்றுக்குக் கடுமையான விதிகள் இருந்தன. உள்ளூர் வணிகக் குழுக்களே வாணிபத்தைக் கட்டுப்படுத்தின. சந்தை நாட்களில் மட்டும் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. வெளியூர் வணிகர்களும் வந்து விற்க முடிந்தது. இதனால் இத்தகைய சந்தைகள் 'விலக்குப் பெற்ற சந்தைகள்' எனப் பெயர் பெற்றன.

பணியாளர்களுக்குக் கிடைத்த இரவு

16ஆம் நூற்றாண்டில் இச்சந்தையோடு மற்றொரு வழக்கமும் சேர்ந்தது என்பது மரபுச் செய்தி. செல்வர் வீடுகளில் வேலை செய்த பணியாளர்கள், தங்கள் எசமானர்கள் பயன்படுத்திக் கழித்த ஆடைகளையும் பொருட்களையும் ஆண்டுக்கு ஒருமுறை தெருவில் வைத்து விற்றுக்கொள்ள அனுமதி பெற்றனர். அந்த உரிமை மாலையில் சூரியன் மறைவது முதல் மறுநாள் காலை சூரியன் உதிப்பது வரை மட்டுமே. கிடைத்த பணம் அவர்களுக்கே சொந்தம். ஒரு பணியாளர் தம் பெயரில் வணிகம் செய்வது அரிதாக இருந்த காலத்தில், அந்த ஓர் இரவின் மதிப்பு பெரியது.

'பிராதரி' என்னும் பெயர் 'பிராதன்' என்ற பிளெமிய மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகக் கூறுவர். 'வறுத்தல், வாட்டுதல்' என்பது அதன் பொருள். 15ஆம் நூற்றாண்டில் சந்தைக்கு வருவோருக்கு வாட்டிய கோழியும் ஹெர்ரிங் மீனும் விற்க அனுமதி அளிக்கப்பட்டதே இப்பெயருக்குக் காரணம் என்பர். இன்று பிரெஞ்சு மொழியில் 'பிராதே' என்றால் மலிவு விலைக்குத் தள்ளிவிடுதல் என்று பொருள். உணவைக் குறித்த சொல் விற்பனையைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது.

1800ஆம் ஆண்டளவில் லீல் நகர ஓவியர் பிரான்சுவா வாத்தோ இச்சந்தையை ஓவியமாகத் தீட்டினார். 'பிராதரி' என்ற அந்த ஓவியம் லீல் நகரின் ஒஸ்பீஸ் கோன்தெஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இன்றைய பிராதரி

இன்று இது ஐரோப்பாவின் மிகப் பெரிய பழம்பொருள் சந்தைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இரண்டு நாட்களில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் வருவதாக மதிப்பிடப்படுகிறது. தொழில்முறைப் பழம்பொருள் வணிகர்களுக்கு அருகிலேயே, வீட்டில் வேண்டாத பாத்திரம், பொம்மை, புத்தகம் ஆகியவற்றைப் பரப்பி வைத்து நகரவாசிகளும் விற்கின்றனர்.

சிப்பிக் கறியும் உருளைக்கிழங்கு வறுவலும் இச்சந்தையின் மரபு உணவு. உணவகங்கள் காலிச் சிப்பி ஓடுகளைத் தெருவிலேயே குவித்து வைக்கின்றன. யாருடைய குவியல் உயரமானது என்று அவற்றுக்குள் போட்டியும் உண்டு.

சந்தை நின்ற ஆண்டுகள்

1914 அக்டோபர் முதல் 1918 அக்டோபர் வரை லீல் நகரம் செர்மனியப் படையின் பிடியில் இருந்தது. 1940இல் மீண்டும் அவ்வாறே ஆகி, 1944 செப்டம்பரில் விடுதலை பெற்றது. ஆக்கிரமிப்பின்போது சந்தையும் நின்றது.

அதன்பின் 2016இல்தான் மீண்டும் தடை வந்தது. அவ்வாண்டு சூலை 14 அன்று நீஸ் நகரில் கூட்டத்தினர்மீது சரக்குந்து ஏற்றப்பட்டு 86 பேர் கொல்லப்பட்டனர். எல்லாத் தெருக்களும் திறந்து கிடக்கும் ஒரு சந்தைக்குப் பாதுகாப்பு அளிக்க இயலாது என்று கருதி, நகரத் தந்தை மார்த்தீன் ஓப்ரி ஆகத்து மாதத்தில் அதனை இரத்து செய்தார். 2017இல் சந்தையின் பரப்பு சுருக்கப்பட்டது. நுழைவாயில்களில் சோதனை ஏற்படுத்தப்பட்டது. பின்னர் கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் நடைபெறாமல், 2022இல் மீண்டும் கூடியது.

இந்நிகழ்வுகள் ஒரு கடினமான கேள்வியை எழுப்பின. யாரும் எங்கிருந்தும் வரலாம் என்பதே இச்சந்தையின் உயிர். அந்தத் திறந்த தன்மையே அதன் ஆபத்தாகவும் ஆகும்போது, எதை விட்டுக்கொடுப்பது? எல்லை வகுத்து, காவல் வைத்து, ஆனால் கைவிடாமல் நடத்துவது என்பதே நகரம் கண்ட விடை.

பாரம்பரிய நாட்கள்

1984இல் பண்பாட்டு அமைச்சராக இருந்த சாக் லாங், செப்டம்பர் மாத மூன்றாம் ஞாயிறன்று வரலாற்றுச் சின்னங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டத்தைத் தொடங்கினார். அமைச்சகங்கள், மாளிகைகள் எனப் பிற நாட்களில் உள்ளே செல்ல முடியாத கட்டடங்களும் இதில் அடங்கின. 1991இல் ஐரோப்பிய மன்றம் இதனை ஐரோப்பிய நிகழ்வாக ஏற்றது. 1992 முதல் பிரான்சில் சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களும் இது நடைபெறுகிறது.

வட பிரான்சில் இந்நாட்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இங்குப் பாரம்பரியம் என்பது அரண்மனைகளோடு முடிவதில்லை. இவ்வட்டாரத்தின் 23 மணிக்கூண்டுக் கோபுரங்கள் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவை நகரங்கள் பெற்ற தன்னாட்சி உரிமையின் அடையாளங்கள். லீல் நகர மன்றத்தின் 104 மீட்டர் உயரக் கோபுரமும் இவற்றுள் ஒன்று.

உரூபே நகரில் 1932இல் திறக்கப்பட்ட நீச்சல்குளம், நெசவாலைத் தொழிலாளர்களின் குளியலுக்கும் உடல்நலத்துக்கும் உதவியது. 1985இல் மூடப்பட்ட அக்கட்டடம் 2001இல் கலை அருங்காட்சியகமானது. குளத்தின் நீர்ப்பகுதி இன்றும் நடுவே உள்ளது. அதன் இருபுறமும் சிற்பங்கள் நிற்கின்றன.

நிலக்கரிச் சுரங்கங்களின் கதை இதைவிட முதன்மையானது. மூன்று நூற்றாண்டுகள் நடந்த சுரங்கத் தொழில், 1990 திசம்பர் 21 அன்று ஊவாஞ்ஞி ஊரில் கடைசி நிலக்கரி வெட்டப்பட்டதோடு முடிந்தது. 1906இல் கூரியேர் சுரங்க வெடிப்பில் 1,099 பேர் இறந்த மண் இது. தொழில் நின்றபின் பல சுரங்கக் கோபுரங்கள் இடிக்கப்பட்டன. கழிவுக் குன்றுகளின் மண் சாலை போட வெட்டி எடுக்கப்பட்டது. வறுமையையும் புகையையும் நினைவூட்டும் இவற்றைத் துடைத்துவிட வேண்டும் என்று பலர் எண்ணினர். காக்க வேண்டும் என்று வாதிட்டவர்களின் முயற்சியால், சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்க நிலப்பகுதி 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தொழிலாளர் குடியிருப்புகளும், 140 மீட்டரைத் தாண்டும் கழிவுக் குன்றுகளும் இதில் அடங்கும்.

பாரம்பரிய நாட்களில் பார்வையாளர்கள் இவ்விடங்களுக்கும் செல்கின்றனர். சுரங்கத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அக்குடியிருப்புகளில் வாழ்கின்றனர். தங்கள் தெருவையே காண மக்கள் வருவதை, அவர்கள் ஆண்டுதோறும் செப்டம்பரில் பார்க்கின்றனர்.