கார்ட்டர்ஸ்

கைக்குழந்தை ஆடைகளுக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனம். தலைமையகம் அட்லாண்டா. இங்கிலாந்திலிருந்து குடியேறிய வில்லியம் கார்ட்டர் 1865-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நீடாமில் தொடங்கிய பின்னலாடைத் தொழில்தான் இதன் வேர். சொந்த ஆலைகளில் நெய்து தைத்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று தையல் பெரும்பாலும் ஆசிய நாடுகளில் நடக்கிறது. வடிவமைப்பும் பெயரும் விற்பனையும் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2003-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது.

குழந்தை ஆடை வணிகம் என்றதும் கண்ணில் நிற்பது பிறந்தநாள் கவுன். கார்ட்டர்ஸ் நிலைத்து நிற்பதோ பருத்தி பாடிசூட்டிலும் இரவாடையிலும். கவட்டில் பிரஸ் பட்டன் வைத்த அந்தச் சாதாரண உடுப்பைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். பால் கக்கி, டயபர் கசிந்து, ஒரே நாளில் மூன்று முறை மாற்ற வேண்டியிருப்பதால் ஒன்றிரண்டு வாங்கி எந்த வீட்டிலும் கட்டுப்படியாகாது. துணி கிழிவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். மறுபடியும் கடைக்குப் போக வேண்டும். மோஸ்தர் மாறி வீணாகும் பயமும் குறைவு. சென்ற ஆண்டு மிஞ்சிய வெள்ளைப் பாடிசூட் இந்த ஆண்டும் விலைபோகும்.

சிக்கல் அளவில் இருக்கிறது. பிறந்த குழந்தை, 3, 6, 9, 12, 18, 24 மாதம் என ஒரே வடிவத்தை ஏழு அளவில் தைக்க வேண்டும். பெரியவர்களுக்கு அளவு மாறாது, பருவம் மட்டும் மாறும். இங்கே இரண்டும் சேர்ந்து நகரும். கோடையில் பிறந்த குழந்தைக்குக் குளிர்காலத்தில் எந்த அளவு பொருந்தும் என்ற கணக்கு பிசகினால், தேங்கிய சரக்கோடு லாபமும் தள்ளுபடியில் கரையும்.

சட்டமும் தையலுக்குள் நுழைகிறது. 9 மாத அளவுக்கு மேற்பட்ட குழந்தை இரவாடை தீ எளிதில் பற்றாத துணியால் ஆனதாக இருக்க வேண்டும், இல்லையேல் உடலை ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் விதியைத் திருத்தியது. சாதாரணப் பருத்தியில் தைப்போருக்கு இரண்டாவது வழிதான் உண்டு. அமெரிக்கப் பருத்தி பைஜாமாவைப் பார்த்து, “சின்ன சைஸ் வாங்கிவிட்டாயே” என்று பாட்டிமார் குறைப்படுவதன் காரணம் இதுதான்.

வளர்ச்சிக்குக் கார்ட்டர்ஸ் எடுத்த வழி கெட்டிக்காரத்தனமானது. வால்மார்ட்டுக்கு ‘சைல்ட் ஆஃப் மைன்’, டார்கெட்டுக்கு ‘ஜஸ்ட் ஒன் யூ’, அமேசானுக்கு ‘சிம்பிள் ஜாய்ஸ்’ எனத் தனித்தனிப் பெயரில் சரக்கு தருகிறது. விலை மலிவான கடைக்குள்ளும் நுழையலாம், சொந்தக் கடையின் விலையும் சரியாது. ஒரே உடுப்பை இரண்டு கடையில் வைத்து விலையை ஒப்பிடும் வாய்ப்பையே வாடிக்கையாளருக்குக் கொடுக்காத ஏற்பாடு இது.

மற்றொரு வழி, வேறு பெயரை விலைக்கு வாங்குவது. 1895-இல் விஸ்கான்சினில் தோன்றிய ஆஷ்காஷ் பிகாஷ் உழவர்களுக்கும் ரயில்வே தொழிலாளர்களுக்கும் ஓவரால் தைத்தது. அப்பாவைப் போலவே உடுத்த ஆசைப்பட்ட பிள்ளைகளுக்காகத் தைத்த சிற்றளவு ஓவராலே பிற்காலத்தில் அதன் அடையாளமானது. 2005-இல் 31.2 கோடி டாலருக்கு அதை வாங்கிய கார்ட்டர்ஸ், இரண்டே ஆண்டில் அந்த முதலீட்டின் மதிப்பைக் கணக்கேட்டில் பெருமளவு குறைக்க வேண்டியதாயிற்று. விளையாடப் போகும் பிள்ளையின் உடுப்பில் விருப்பமும் விலையும் ஆண்டுதோறும் மாறும். பாடிசூட்டின் அமைதி அங்கே கிடையாது.

விளம்பரத்தால் ஈடுகட்ட முடியாத காரணி பிறப்பு எண்ணிக்கை. அமெரிக்காவில் 2007-இல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2023-இல் ஏறத்தாழ 36 லட்சம். இறக்குமதி வரிச் சுமையும் கூடிய 2025-இல், மூன்று ஆண்டுகளில் சுமார் 150 கடைகளை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது.