உச்சவரம்பும் வீரர் விடுதலையும்: அமெரிக்கக் கால்பந்தின் ஊதிய வரலாறு

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பும் அணிக்குச் செல்லலாம் என்ற உரிமையும், ஓர் அணி ஓராண்டின் ஊதியக் கணக்கில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற சம்பள உச்சவரம்பும் 1993இல் எட்டப்பட்ட ஒரே கூட்டு உடன்படிக்கையில் பிறந்தவை. முன்னது வீரர்கள் நீண்டகாலம் வழக்காடிப் பெற்றது; பின்னது அதற்கு ஈடாக அணி உரிமையாளர்கள் கேட்டு வாங்கியது. எந்த அணிக்கும் கட்டுப்படாத இத்தகைய கட்டற்ற வீரர்களுக்காக அணிகள் செலவிட்ட பணத்தின் போக்கை, உச்சவரம்பின் விதிகளோடு சேர்த்தே புரிந்துகொள்ள முடியும்.

1920இல் தொடங்கிய இந்த லீக்கில் நெடுங்காலம் வீரர் அணியின் உடைமை போலவே நடத்தப்பட்டார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் மேலும் ஓராண்டு அவரை நிறுத்திவைத்துக்கொள்ள அணிக்கு உரிமை இருந்தது. அந்த ஓராண்டையும் ஆடி முடித்த ஆர். சி. ஓவன்ஸ், சான் பிரான்சிஸ்கோ அணியை விட்டு பால்டிமோர் அணியில் சேர்ந்ததும் உரிமையாளர்கள் விழித்துக்கொண்டனர். வீரர் ஒருவரை ஈர்த்துக்கொள்ளும் அணி பழைய அணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும், இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் லீக் ஆணையரே இழப்பீட்டைத் தீர்மானிப்பார் என்றும் 1963இல் விதி வகுக்கப்பட்டது. அப்போதைய ஆணையர் பீட் ரோசெல்லின் பெயரால் வழங்கிய அந்த விதி, என்ன விலை கொடுக்க நேருமோ என்ற அச்சத்தால் பிற அணிகளை ஒதுங்கி நிற்கச் செய்தது. வீரர் சங்கத் தலைவராயிருந்த ஜான் மேக்கி தொடுத்த வழக்கில், 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதி வணிகப் போட்டியைத் தடுப்பதால் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் 1977 உடன்படிக்கை இழப்பீட்டு முறையை வேறு வடிவில் மீண்டும் கொண்டுவந்ததால், நடைமுறையில் அணி மாற்றம் அரிதாகவே நிகழ்ந்தது. 1988இல் சிகாகோ அணியின் வில்பர் மார்ஷலைப் பெறுவதற்கு வாஷிங்டன் அணி புதிய வீரர் தேர்வில் தன் முதல் சுற்று வாய்ப்புகள் இரண்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

வீரர்களின் 1987 வேலைநிறுத்தம் மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டு முறியடிக்கப்பட்டபின், சங்கம் பேச்சுவார்த்தையைக் கைவிட்டு நீதிமன்றத்தையே நம்பியது. 1989இல் லீக் தானாக அறிமுகப்படுத்திய 'பிளான் பி' திட்டம், ஒவ்வோர் அணியும் 37 வீரர்களைத் தனக்கென ஒதுக்கிவைத்துக்கொள்ள அனுமதித்தது. எஞ்சியவர்களுக்கு மட்டுமே தடையற்ற விடுதலை கிடைத்தது. ஃப்ரீமன் மெக்நீல் முதலானோர் தொடுத்த வழக்கில், 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் நடுவர் குழு இத்திட்டமும் சட்டவிரோதம் என்று கூறியது. அதன் பின்னர் ரெஜி வைட் பெயரில் நடந்த கூட்டு வழக்கின் சமரசமே 1993 உடன்படிக்கையாக உருப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் வைட், கிரீன் பே அணியுடன் நான்கு ஆண்டுகளுக்கு 1.7 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டது புதிய காலத்தின் அடையாளமாயிற்று.

உச்சவரம்பு 1994இல் நடைமுறைக்கு வந்தபோது, லீக்கின் வரையறுக்கப்பட்ட வருவாயில் 64 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு, அணிக்கு ஏறத்தாழ 3.46 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. 1961ஆம் ஆண்டின் சட்டம் தொலைக்காட்சி உரிமைகளை லீக் ஒன்றாக விற்பதற்கு வழிவகுத்திருந்தது. அந்த வருவாயை அணிகள் சமமாகப் பகிர்ந்துகொண்டதால், எல்லா அணிகளுக்கும் ஒரே வரம்பு விதிப்பது இயன்றது. கூடைப்பந்தின் என்.பி.ஏ. 1984-85 பருவத்தில் கொண்டுவந்த உச்சவரம்பில், சொந்த வீரரைத் தக்கவைப்பதற்காக வரம்பை மீற இடமிருந்தது. கால்பந்தின் வரம்பில் அத்தகைய விலக்கு இல்லை.

விலக்கு இல்லாத இடத்தில் கணக்கியல் வழி பிறந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மொத்தமாகத் தரப்படும் போனஸ், வரம்புக் கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதப்படும். இன்றைய விதியின்படி அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம். ஒரு கோடி டாலரை இன்றே பெறும் வீரர், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 20 லட்சமாகவே கணக்கில் தோன்றுவார். 1995இல் டியான் சாண்டர்ஸுக்கு டல்லாஸ் அணி ஏழாண்டுகளுக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தமும், அதனுள் ஏறத்தாழ 1.3 கோடி போனஸும் அளித்தது இந்த வழியிலேயாகும். ஆனால் வீரரை இடையில் விடுவித்தால், கணக்கில் எழுதப்படாமல் எஞ்சிய போனஸ் முழுவதும் முன்னதாகவே வந்து விழும். ஆடாத வீரருக்காக வரம்பை விழுங்கும் இத்தொகையை லீக் வட்டாரத்தில் 'டெட் மணி' என்பர். 1990களில் வெற்றிகளைக் குவித்த சான் பிரான்சிஸ்கோ அணி, செலவுகளை எதிர்காலத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்து, 1999இல் 16 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றது. வரம்பு மீறல்களுக்காக 2000இல் தண்டிக்கவும்பட்டது.

விதிகள் பணத்தை வீரர்களிடையே பங்கிட்ட முறையையும் மாற்றின. 1993 முதல் ஒவ்வோர் அணியும் ஒரு வீரரை 'ஃபிரான்சைஸ் டேக்' மூலம் ஓராண்டு தக்கவைத்துக்கொள்ள முடிந்ததால், மிகச் சிறந்தவர்கள் சந்தைக்கு வராமலே போயினர். வந்த சிலரின் விலையோ ஏறியது. புதிய வீரர்களின் ஊதியத்தை 2011 உடன்படிக்கை கடுமையாகக் குறைத்தது. 2010இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டு ஆறாண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்; அடுத்த ஆண்டில் அதே இடத்தில் தேர்வான கேம் நியூட்டன் நான்காண்டுகளுக்குப் பெற்றது 2.2 கோடி மட்டுமே. மலிவான இளைஞர்கள் கிடைத்தபோது, நடுத்தர ஊதியம் பெற்றுவந்த அனுபவசாலிகள் முதலில் வெளியேற்றப்பட்டனர். அதே உடன்படிக்கை அணிகளுக்குக் குறைந்தபட்சச் செலவையும் விதித்து, 2013 முதல் நான்காண்டுகளில் வரம்புகளின் கூட்டுத்தொகையில் 89 விழுக்காட்டை ரொக்கமாகச் செலவிட வேண்டும் என்றது.

வரம்பே இல்லாதிருந்த 2010ஆம் ஆண்டில் ஒப்பந்தங்களின் சுமையை அவ்வாண்டிலேயே ஏற்றிய வாஷிங்டன், டல்லாஸ் அணிகளின் வரம்பிலிருந்து 2012இல் லீக் முறையே 3.6 கோடியும் 1 கோடியும் டாலர் குறைத்தது. பெருந்தொற்றால் வருவாய் சரிந்தபோது, 2020இல் 19.82 கோடியாக இருந்த வரம்பு மறு ஆண்டில் 18.25 கோடியாக இறங்கியது. 2025இல் அது 27.92 கோடியை எட்டியது. வரம்பு ஏறும் என்ற நம்பிக்கையே அணிகளைச் செலவை ஒத்திப்போடத் தூண்டுகிறது. 2024இல் ரஸ்ஸல் வில்சனை விடுவித்த டென்வர் அணி, ஏறத்தாழ 8.5 கோடி டாலர் டெட் மணியை இரண்டு ஆண்டுகளில் பிரித்து ஏற்றது. ஆகவே, உச்சவரம்பின் உண்மையான விளைவு சிக்கனம் அன்று. மொத்த ஊதியம் லீக்கின் வருவாயோடு சேர்ந்தே வளர்ந்தது. அந்தப் பணத்தில் எவருக்கு எவ்வளவு, எந்த ஆண்டின் கணக்கில் என்பதை மட்டுமே விதிகள் தீர்மானித்தன.